வெள்ளைக் கோடும் என் இடது காலும்

அவசரப் பிரிவுக்கு வெளியே, நடைவழியில், ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். இளவயது நர்ஸ் ஒருத்தி என் வலது கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. அவள் நெற்றி வியர்த்துவிட்டது.

"இடது கையில பாருங்க சிஸ்டர். மடிப்புக்கு ஒரு விரல் கீழ. அது எப்பவும் கிடைக்கும்" என்றேன்.

அவள் திகைத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நானும் இதே வேலைதான் செய்றேன்" என்று சொல்லிச் சிரிக்க முயன்றேன். அப்போதுதான் என் இடது பாதம் கண்ணில் பட்டது. வெளிப்பக்கமாக முழுக்கத் திரும்பி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அது ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் கிடந்தது. சிரிப்பு அதோடு நின்றது.

என் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பத்தேழு. லிங்கராஜபுரத்தில் ஒரு சிறிய லேபில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் பொறுப்பு. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய பரிசோதனைகள்தான் அதிகம் என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். சைக்கிளில்தான் போவேன். ஸ்கூட்டர் ஓட்டப் பழகவில்லை. அதோடு, எனக்கே சர்க்கரை வந்தபிறகு சைக்கிள் மிதிப்பதுதான் பாதி மருந்து என்று ஆகிவிட்டது.

காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பனியிலும் மழையிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்காகவும்தான். இரண்டு கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன்.

நான் போகும் வழியில் ஏரியை ஒட்டி ஒரு சாலை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அதன் இடது ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை ஒதுக்கினார்கள். தடித்த வெள்ளைக் கோடு ஒன்று. கோட்டின்மேல் வரிசையாக, இடுப்பளவு உயரமுள்ள, வளையும் ரப்பர் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. அதற்கு முன்பெல்லாம் அந்தச் சாலைக்கே பயந்து, ஜீவனஹள்ளிச் சந்துகளில் புகுந்து சுற்றிக்கொண்டு போவேன். பாதை வந்ததும் பதினைந்து நிமிடம் மிச்சமானது. தோள்களை இறுக்கிக்கொண்டு மிதிக்கும் பழக்கமும் போனது.

என் கணவர் அருளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

"கோடு போட்டா வண்டி நின்னுடுமா? மேல ஒக்காந்து பாக்கறப்போ எனக்கே பாதி நேரம் தெரியறதில்ல. நீ பின்னாடி லைட்டு போட்டுக்கினு போ, அவ்வளவுதான்" என்பார்.

நான் விளக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன். ஆனால் அந்த வாரம் அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது. நான்கு நாட்களாக, ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். தனிப் பாதைக்குள் போகிறோமே, என்ன ஆகிவிடப்போகிறது என்ற தைரியம்.

ஜனவரி மாதம். ஏரியிலிருந்து எழுந்த பனி சாலை முழுக்கப் படர்ந்திருந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காபி குடிக்காமல் எனக்காகக் காத்திருந்தார். எதிரே எதுவும் தெரியவில்லை. தலையைக் குனிந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடிவரும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடியே மிதித்தேன். அது இருக்கும்வரை பயமில்லை.

வழியில் ஓரிடத்தில் கம்பங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் ஐம்பதடி தூரத்துக்குக் கம்பங்களைக் கழற்றியிருந்தார்கள். பள்ளத்தை மூடியபிறகு கோட்டை மட்டும் திரும்ப வரைந்தார்கள். கம்பங்களை நடவில்லை. தினமும் அதைக் கடந்து போய்ப் பழகியதால் அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றாமல் போயிருந்தது.

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கமாகப் போய்விடும் என்று இருந்தேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது செவ்வந்திப் பூவின் வாசனை. என்னை இடித்தது பூ ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன லக்கேஜ் ஆட்டோ. அதன் ஓட்டுநர் ஓடிவிடவில்லை. மூட்டைகளை ஒதுக்கி, என்னைத் தூக்கிக் கிடத்தி, காலுக்கு அடியில் ஒரு பூ மூட்டையை வைத்து அணைகொடுத்திருந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் மஞ்சுநாத் என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, கண்ணு மூடாதீங்க அக்கா. ஆஸ்பத்திரி பந்துபிட்டுது, வந்துடுச்சு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

நான் அவரிடம் கேட்ட ஒரே உதவி, ஆசிரியைக்கு போன் செய்து காபி குடிக்கச் சொல்வது. மனசு அந்த நேரத்தில் எதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது பாருங்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பு டாக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கன்னடக்காரர், நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவர்.

"நோடி, பாருங்க ஸ்டெல்லா, உங்க டிபியா ரெண்டு துண்டு ஆயிருக்கு. ஒடைஞ்ச முனை தோலைக் கிழிச்சு வெளியே வந்திருக்கு. இன்னைக்கே கழுவி, உள்ளே ராட் வெக்கணும்" என்றார்.

டிபியா (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் பெரிய எலும்பு) எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எலும்பு வெளியே தெரியும் முறிவில் கிருமி புகும் ஆபத்து அதிகம் என்பதும் தெரியும். மருத்துவம் கொஞ்சம் தெரிந்தவர்களின் கஷ்டம் இதுதான். பாதி பயம் நமக்கு முன்பே மனப்பாடமாகி இருக்கும்.

அன்று மதியமே அறுவை சிகிச்சை நடந்தது. முழங்காலுக்குக் கீழே சிறிதாகக் கிழித்து, எலும்பின் நடுவில் உள்ள குழலுக்குள் நீளமான உலோகத் தண்டு ஒன்றை இறக்கினார்கள். அது நகராமல் இருக்க மேலும் கீழும் திருகாணிகள். சர்க்கரை எகிறியிருந்ததால் ஒரு வாரம் இன்சுலின் ஊசி போட்டார்கள். புண்ணில் சீழ் வைக்கவில்லை. அந்த முதல் பயம் பத்து நாளில் விலகியது.

அருள் டிப்போவிலிருந்து சீருடையோடு ஓடிவந்திருந்தார். அறுவை அறைக்கு வெளியே மஞ்சுநாத்தின் சட்டையைப் பிடித்துவிட்டாராம். எங்கள் மகள் நிம்மி பிறகு சொன்னாள்.

"கோட்டுக்கு உள்ள வந்து அடிச்சிருக்கியே, உனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?"

"சார், சத்தியமா கோடு காணிசல சார். கண்ணுக்கே தெரியல" என்று அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னாராம். கையை ஓங்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

மூன்றாம் நாள் வாக்குமூலம் வாங்கப் போலீஸ்காரர் வந்தார். சைக்கிளில் விளக்கு எரிந்ததா என்று கேட்டார். அருள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். எரிந்தது என்று சொல் என்பது அதன் அர்த்தம்.

"எரியல சார். பேட்டரி போயிருந்துச்சு" என்றேன்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். அருள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் கால ஒடச்சவனுக்கு நீயே வக்கீலா?"

"நடந்தத சொன்னேங்க. அவர் கோட்டத் தாண்டி வந்ததையும் சொன்னேன்ல?"

அவர் விருட்டென்று வெளியே போய்விட்டார். ஆனால் மாலையில் பாதத்தைப் பிடித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிட்டார். கோபமும் அக்கறையும் ஒரே கையில் இருந்தன.

எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. செங்குத்தான, குறுகலான படிகள். கீழ்வீட்டுக்காரரும் அருளும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். பிறகு பல மாதம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதே நாற்காலியில்தான் இறங்கினேன். நிம்மி கல்லூரிக்குப் போவதற்கு முன் காலுக்குப் பிளாஸ்டிக் பை சுற்றிக் குளிப்பாட்டுவாள். பத்தொன்பது வயது மகள் முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பது முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் அவள் தன் தோழிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அதற்கு முன் என்னிடம் அவள் அவ்வளவு பேசியதே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு மதியம் மஞ்சுநாத் வீட்டுக்கு வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. அருள் கதவைத் திறந்துவிட்டு, உட்காரச் சொல்லாமல் நின்றார்.

"அக்கா, நான் தினா அந்த ரோட்டுல வர்றேன். பனியில ரோடு காணிசாது, எங்க வந்திருக்கோம்னே தெரியாது. கம்பம் மட்டும் மின்னும். அதைப் பாத்துதான் ஓட்டுவேன். அன்னைக்குக் கம்பம் முடிஞ்சுது. சரி, சைக்கிள் பாதை முடிஞ்சுது, இனிமே ரோடு அகலம்னு நெனச்சு லெஃப்டுல ஒதுங்கினேன். ஒதுங்கினதும் நீங்க முன்னாடி."

நான் பார்த்துக்கொண்டு போனது கோட்டை. கோடு தொடர்ந்ததால் பாதை தொடர்கிறது என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு வந்தது கம்பங்களை. அவை நின்றதால் பாதையும் நின்றுவிட்டது என்று நினைத்தார். ஒரே சாலையை இருவரும் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறோம்.

அருள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருப்பா" என்றார்.

அந்த வாரமே இன்னொரு பனிக் காலையில் அருள் விடுப்பு எடுத்துக்கொண்டு மஞ்சுநாத்தோடு அந்த இடத்துக்குப் போனார். நிம்மியின் சைக்கிளையும் என் சாம்பல் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டார். ஒன்பது மணிக்குத் திரும்பிவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சைக்கிள நடைபாத ஓரமா சாச்சு, அது மேல உன் ஸ்வெட்டர போட்டுட்டு, மஞ்சுநாத்தோட வண்டிய நானே ஓட்டிப் பாத்தேன். மெதுவாத்தான். கம்பம் இருக்கற வரைக்கும் வரிசையா மின்னுது, செவுரு கட்டுன மாதிரி. யாரும் அதுக்குள்ள போவ மாட்டான். கம்பம் நின்னதும் கை தானா லெஃப்டுக்குப் போவுது, ஸ்டெல்லா. ஈர ரோட்டுல ஹெட்லைட் அடிச்சா கோடும் ரோடும் ஒரே பளபளப்பு. சைக்கிள் கிட்ட வந்தப்புறந்தான் தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார்.

"நான் ஓட்டியிருந்தாலும் அடிச்சிருப்பேன்."

எழுந்து சமையலறைக்குப் போனார். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை அவர் மறுபடி கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். சைக்கிள் பாதை என்னைக் காப்பாற்றியதா, கைவிட்டதா? முன்பு கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. கம்பங்கள் இருந்த தூரம் முழுவதும், எத்தனையோ பனிக் காலைகளில், மழைநாட்களில், ஒரு வண்டிகூட என் பக்கம் வந்ததில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் நடக்காததால் அவற்றை நான் கணக்கில் வைக்கவே இல்லை. பெயிண்ட் மட்டும் இருந்த இடத்தில், அந்தப் பாதை எனக்கு மட்டுமே தெரிந்தது. ஓட்டிவருகிறவருக்குத் தெரியாத பாதை எனக்குத் தைரியத்தை மட்டும் கொடுத்தது, பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் பேட்டரி வாங்குவதைத் தள்ளிப்போட்டேன். இதை எழுதும்போது இன்னமும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அருள் இதையெல்லாம் கன்னடத்தில் ஒரு மனுவாக எழுதினார். கம்பம் இல்லாத இடத்தை வண்டிக்குள்ளிருந்து எடுத்த படங்களோடு வார்டு அலுவலகத்தில் கொடுத்தார். மஞ்சுநாத்தும் கையெழுத்துப் போட்டார். அருளோடு வேலைசெய்யும் ஓட்டுநர்கள் சிலரும் போட்டார்கள். "கோடு போட்டா வண்டி நின்னுடுமா" என்று கேலி செய்த மனிதர், ஷிஃப்ட் முடிந்த மதியங்களில் போய் அந்த மனுவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் எலும்பு கூடவில்லை.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். இரண்டு முனைகளுக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கீற்று. "இன்னும் டைம் இருக்கு. சர்க்கரையைக் கட்டுல வைங்க" என்றார். ஐந்தாம் மாதமும் அதே கீற்று. இதற்கு டிலேய்டு யூனியன் (சேர வேண்டிய காலத்தில் எலும்பு சேராமல் தாமதிப்பது) என்று பெயர். சைக்கிள் இல்லாமல் என் சர்க்கரை ஏறியிருந்தது. அதனால் எலும்பு கூடுவது தாமதமானது. எலும்பு கூடாததால் சைக்கிள் ஏற முடியாது. இந்த வட்டத்துக்குள் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு பகல், வீட்டில் யாரும் இல்லாதபோது, என் காலைச் சத்தமாகக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டி முடித்ததும் பாவமாக இருந்தது. குனிந்து தடவிக்கொடுத்தேன். உங்களில் யாராவது அப்படிச் செய்துகொண்டிருந்தால், உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "இது கூடவே கூடாதா டாக்டர்?"

"கூடும். இல்லேன்னா இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து வெச்சுக் கூட்டலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு பார்ப்போம். ஒரு ஸ்க்ரூ எடுத்துடறேன்."

"எடுத்தா ஆடாதா?"

"ஸ்வல்ப ஆடட்டும். இப்போ உங்க எடை எல்லாம் ராட்தான் தாங்குது. எலும்பு சும்மா தூங்குது. ஸ்க்ரூ எடுத்தா ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு அழுத்தும். அழுத்தினாத்தான் எலும்பு வளரும். நீங்க காலை ஊனி நடக்கணும். பயப்படாம பாரம் குடுங்க."

ஐந்து மாதமாக எல்லாரும் காலை ஊனாதே, பார்த்து வை என்றே சொல்லியிருந்தார்கள். இப்போது ஊன்று என்கிறார். திருகாணியை எடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் கஷ்டம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலில் எடையை இறக்கும் ஒவ்வொரு முறையும், உடைந்த இடத்தில் மறுபடி உடையப்போகிறது என்று பாதியிலேயே நின்றுவிடுவேன். வலியைவிட அந்த எதிர்பார்ப்புதான் கொடுமை. நிம்மி எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, "மம்மி, கீழ பாக்காத. என்னப் பாரு" என்பாள். ஹாலிலிருந்து சமையலறை. சமையலறையிலிருந்து பால்கனி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாட்டுச் சத்தம் பால்கனிவரை கேட்கும். ஒரு பாட்டு முடியும்வரை நிற்பது என்று பழகினேன். ரொட்டியும் கிழங்கும் குறைத்து, கையில் எடை தூக்கி, சர்க்கரையையும் மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன்.

ஏழு வாரம் கழித்து எக்ஸ்ரே. அருள் இரண்டு டிரிப்புக்கு நடுவில் வந்திருந்தார். டாக்டர் கூப்பிடும்வரை பொறுக்காமல் படத்தை உறையிலிருந்து எடுத்து நடைவழி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

உள்ளே போனதும், "இந்த எடத்துல என்னமோ கறை பட்டிருக்கு டாக்டர். வேற படம் எடுக்கணுமா?" என்றார்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதலில் அவர் கண்கள் சிரித்தன.

"அது கறை இல்ல சார். அதுதான் எலும்பு."

கறுப்புக் கீற்று இருந்த இடத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு, வெண்மையான மேகம்போல ஒன்று படர்ந்திருந்தது. காலஸ் (முறிந்த இடத்தைச் சுற்றி உடம்பு தானாகப் பூசிக்கொள்ளும் புது எலும்பு). நான் அழுதேன். அருள் தொப்பியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். "டிரிப்புக்கு லேட்டாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நின்றார்.

அன்று படிகளில் நானே இறங்கினேன், நானே ஏறினேன். பதினெட்டுப் படிகள். கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்று கை தட்டினார்.

அதற்கு முன்பே ஏரிச் சாலையில் கம்பங்கள் திரும்ப வந்திருந்தன. மஞ்சுநாத்தான் முதலில் பார்த்து, போனில் படம் அனுப்பினார். "கம்பா பந்துது அக்கா" என்று குரல் செய்தியும் வந்தது. புதுக் கம்பங்களின் பட்டை பழையதைவிட அகலம். வழக்கில் அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, கடுமையில்லாமல் முடித்துவைத்தார்கள். அவர் இப்போதும் அதே வழியில்தான் பூ ஏற்றிப் போகிறார்.

முதலில் பகலில் நடந்தே சில வீடுகளுக்குப் போனேன். நவம்பரில் டாக்டர் சைக்கிள் ஓட்ட அனுமதி கொடுத்தார். வீட்டில் நிம்மிதான் எதிர்த்தாள்.

"மறுபடி அதே ரோடா? உனக்குப் பயமே இல்லயா மம்மி?"

"இருக்கு."

"அப்புறம் ஏன்?"

அருள்தான் பதில் சொன்னார். "பயம் இருக்கறவங்கதான் லைட்டு போட்டுக்கினு போவாங்க. விடு."

அவரே சைக்கிளின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளை மாட்டினார். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும். மின்னும் பட்டை வைத்த மஞ்சள் மேல்சட்டை ஒன்றை வாங்கிவந்தார். பெடலில் ஒட்டும் பட்டைகளும். கால் மேலும் கீழும் போகும்போது அவை மின்னினால், முன்னால் போவது மனிதர் என்று ஓட்டுநருக்குச் சட்டெனத் தெரிந்துவிடுமாம். உங்கள் ஊர்ச் சாலையில் சைக்கிள் பாதை இருந்தால் கட்டாயம் அதில் போங்கள். ஆனால் உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் கண்ணால் ஒருமுறை அதைப் பாருங்கள். அது எங்கே மறைகிறது, எந்தத் திருப்பத்தில் நின்றுபோகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வேகத்தைக் குறையுங்கள். பழுது இருந்தால் எழுதிக்கொடுங்கள். விழுந்தபிறகு எழுதிய மனுவைவிட விழாமல் எழுதிய மனு நல்லது.

என் கால் பழைய கால் இல்லை. தண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. முழங்காலில் நின்று ஜெபிக்க முடியாது. தண்டு இறக்கிய இடம் குத்தும். குளிர் இறங்கும் மாலைகளில் காலுக்குள் ஒரு கனம் வரும். இடது கால் வலதைவிட அரை விரற்கடை குட்டை. செருப்புக்குள் ஒரு தடிப்பு வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு எனக்குச் சண்டையில்லை. எனக்குத் தெரியாமல், நான் திட்டிக்கொண்டிருந்தபோதுகூட, அது உள்ளே பூசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

நேரமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் என் மனசு எப்போதும் அடுத்த வீட்டில் இருக்கும். ஒருவர் கையில் ஊசி இருக்கும்போதே அடுத்தவர் காத்திருப்பாரே என்று கால் பரபரக்கும். இப்போது நரம்பு எழும்பும்வரை காத்திருக்கிறேன். பனி கனமாக இருந்தால், "கொஞ்சம் தாமதமாகும்" என்று போன் செய்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வெறும் வயிற்றில் இன்னும் கால் மணி நேரம் மனிதர்களால் இருக்க முடிகிறது.

போன டிசம்பரில் ஒரு காலை, ஏரிச் சாலை தொடங்கும் இடத்தில் நின்றேன். முதல் மூன்று கம்பங்கள் தெரிந்தன. நான்காவது தெரியவில்லை. ஐந்து கம்பங்கள் தெரியும்வரை நான் கிளம்புவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். சைக்கிளைச் சாய்த்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். பேருந்து ஒன்று மெல்லக் கடந்து போனது. ஒரு நாய் வந்து சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது. நான்காவது கம்பம் வந்தது. நெடுநேரம் கழித்து ஐந்தாவது.

பெடலை மிதிக்கக் காலை எடுக்கும்போதுதான் கவனித்தேன். அவ்வளவு நேரமும் நான் ஊன்றி நின்றது இடது காலை.